பாலாற்றில் தண்ணீர் வருவதற்குள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் 'ம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சரி இல்லை. உட்கார்ந்திருந்தவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது தானாக வருகிற 'ம்' அது. இந்த வயதில் எனக்குப் பாதிப் பேச்சு அப்படித்தான் வருகிறது.

நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "பா, நீயும் அம்மாவும் மாகறலுக்குப் போயி ரம்யாகிட்ட பேசி, இட்டுக்கினு வந்து ரயில் ஏத்தி வுடுங்க. பெரியவங்க சொன்னா கேப்பா." உன் பெண்டாட்டி கொச்சியிலிருந்து கிளம்பி அவள் அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவளை நாங்கள் கூட்டிவந்து உன்னிடம் அனுப்ப வேண்டும். ஏதோ பஸ்ஸில் விட்டுவிட்ட குடையை டிப்போவில் கேட்டு வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னாய்.

போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் நாலு வார்த்தை சுற்றி வருவதற்குள் நீ "மேட்டருக்கு வாபா" என்பாய். எனக்கு நேராக மேட்டருக்கு வரத் தெரியாது. கல்லை வைத்து, தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடியும் எடுத்து வைத்துப் பழகின கொத்தன் நான். அதனால்தான் இந்தக் கடிதம். அஞ்சாவதோடு நின்றவன் எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும். இதை நீ நடுவில் கட் பண்ண முடியாது, அது ஒன்றுதான் இதில் நல்லது.

அன்றைக்குப் படகில் போனோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆவணியில் நாங்கள் காட்பாடிக்குப் போய் ரயில் ஏறி உன்னிடம் வந்தோம். கல்யாணம் முடிந்து நீங்கள் குடித்தனம் வைத்த வீட்டை உங்கம்மா பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். வந்த மறுநாள் லீவு போட்டுவிட்டு, எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நானும் மனதார சந்தோஷப்பட்டேன், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். படகு கிளம்பியதும் உன் முகத்தில் ஒரு களை. அக்கரையில் கிரேன்கள் கொக்கு மாதிரி வரிசையாக நின்றதைக் காட்டி, "அங்கதான்பா நம்ம வேல. அந்த ஆரஞ்சு கலர் கப்பல் தெரியுதா? அதோட அடிவயித்துல நான் வெல்டு அடிச்சிருக்கன்" என்றாய். நான் கட்டின வீடெல்லாம் நின்ற இடத்தில் நிற்கிறது, என் பிள்ளை கை வைத்தது கடல் கடந்து போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊர் முசரவாக்கத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லியும்விட்டேன்.

உங்கம்மாவுக்குக் கப்பல் மேலெல்லாம் கண்ணில்லை. அவள் மடியில் அந்தப் பழைய பவுடர் டப்பா இருந்தது. அதைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்றைக்கு நீ கேட்கவில்லை, திட்ட மட்டும்தான் செய்தாய். தாலிக்கயிறு மாற்றினால் பழைய கயிற்றைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, கால் படாமல், ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும் என்பது உங்கம்மா கணக்கு. கிணற்றில் போடலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "நிக்கிற தண்ணில வுட்டா நின்னுபூடும்" என்று இவள் ஒத்துக்கொள்ளவில்லை. பாலாறோ, உனக்குத் தெரியும், ஆற்றுக்குள் மாடு மேய்க்கிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள். அந்த ஒரு வருஷம் மழையில் ரெண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியதே, அப்போது செவிலிமேட்டுப் பாலத்தின்மேல் நின்று சேர்த்து வைத்ததையெல்லாம் விட்டாள். போலீஸ்காரர் விரட்ட விரட்ட விட்டாள். அதற்குப் பிறகு சேர்ந்த கயிறெல்லாம் இந்த டப்பாவில். கொச்சியில் எந்நேரமும் தண்ணீர் ஓடும் என்று நீ போனில் பெருமையாகச் சொன்னாய் அல்லவா, அதை நம்பி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

படகு நடுத் தண்ணீருக்குப் போனதும் டப்பாவைத் திறந்தாள். காக்கிச் சட்டைக்காரர் ஓடிவந்து, "அம்மே, வெள்ளத்தில் ஒண்ணும் இடருது!" என்று கத்தினார். தண்ணீரில் ஒன்றும் போடக்கூடாது என்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

"இன்னாத்துக்குடா இவன் கத்துறான்? நான் இன்னா குப்பையா கொட்டப் போறன்?" என்று உங்கம்மா உன்னைக் கேட்டாள்.

"மானத்த வாங்காதமா! எல்லாரும் பாக்குறாங்க. அந்த டப்பாவ மூடி உள்ள வை" என்றாய் நீ.

அப்போது ரம்யா எழுந்துபோய் அந்த ஆளிடம் மலையாளத்தில் பேசினாள். கடகடவென்று பேசினாள். அந்த ஆள் முகமே மாறிவிட்டது. சிரித்து, உங்கம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, கரையில் இறங்கி விட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். எனக்கு ஆச்சரியம். மாகறல் பெண், வந்து எட்டு மாதம், எங்கே கற்றுக்கொண்டாள் இதை? உங்கம்மா அதைத்தான் கேட்டாள்.

"நாள் பூரா பேச ஆளில்ல அத்தே. கீழ் வீட்டு அம்மாச்சிகிட்ட பேசணும்னா இத கத்துக்கினாத்தானே ஆவும்" என்றாள்.

அதற்கு நீ சொன்னாய்: "வந்துட்டாங்கப்பா மலையாள டீச்சரு! உன்ன எவன் கேட்டான்? போயி உக்காரு, படகு ஒரு பக்கமா சாயுது."

பக்கத்து பெஞ்சில் நம் தமிழ் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள். நீ சொன்ன தினுசு சிரிப்பாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். ரம்யாவும் சிரித்தாள். ஆனால் அவள் போய் உட்கார்ந்த இடம் உன் பக்கத்தில் இல்லை, உங்கம்மா பக்கத்தில். உன் பக்கத்து இடத்தில் பை இருந்தது.

பிறகு நாள் முழுக்க நீ முன்னால் நடந்தாய், நாங்கள் பின்னால் வந்தோம். பழைய மாதா கோயில், வெள்ளைக்காரன் கட்டின வீடுகள், மிளகும் சுக்கும் மூக்கைத் துளைக்கிற கிடங்குத் தெரு, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சுவர், இரண்டு முழம் கனம், செம்மண் கல்லும் சுண்ணாம்பும். அந்தச் சுவரை நான் தடவிப் பார்ப்பதற்குள், "பா, டைம் ஆவுது" என்றாய். உங்கம்மா நின்று மூச்சு வாங்கினாள். "டைம் ஆவுதுமா." அவள்தான் சொன்னாள், நினைவிருக்கிறதா? "நம்ம காஞ்சிபுரத்து சாமியே கொளத்துத் தண்ணிக்குள்ள நாப்பது வருசம் படுத்துக்கினு எப்ப கூப்புடுவாங்கன்னு பொறுமையா கீறாரு. உனக்கு இன்னாடா அவசரம்?" ரம்யா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவள் முழுச் சிரிப்பாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு முன்னால், படகை விட்டு இறங்கினதுமே, அந்தப் பெரிய சீன வலைகள் தொங்குகிற கரைக்குப் போனோம். நீ வலையைப் போட்டோ பிடிக்கப் போய்விட்டாய். உங்கம்மா கல்லில் குந்திக்கொண்டு, கயிறுகளுக்கு மஞ்சள் தடவி, ஒரு முழம் பூ சுற்றி, தண்ணீரில் விடப்போனாள். ரம்யா கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அதற்குள் ஒரு மஞ்சள் கயிறு சுருட்டி வைத்திருந்தது.

"அத்தே, என்னுதும் சேத்து வுட்டுடுங்க."

"மாத்திட்டியாமா? சங்கிலில கோத்துக்கினியா?"

"ம்" என்றாள், துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டு.

அவள் 'ம்'மும் என் 'ம்' மாதிரிதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உங்கம்மா பூவோடு சேர்த்து அதையும் விட்டாள். கொஞ்ச தூரம் போனது. கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பினோம்.

சுற்றிவிட்டு, மீன் குழம்போடு சோறு தின்றுவிட்டு, திரும்பவும் அந்தக் கரைக்கே வந்தோம். உங்கம்மா கல்லைப் பார்த்ததும், "ஐயையோ" என்றாள். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாகக் கரையோரம் ஒதுங்கியிருந்தது. அதன் நடுவே நம்முடைய பூவும் கயிறும் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன.

"தண்ணி ஏத்துக்கலயே. இன்னா குத்தம் செஞ்சனோ தெரியலயே" என்று உங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நீ, "கடலு உள்ள தள்ளியிருக்கும்மா, இதுக்குப் போயி" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனாய். வலை இழுக்கிற பெரியவர் ஒருவர் வலைக்கயிற்றை விட்டுவிட்டு வந்து ஏதோ சொன்னார். ரம்யா அதைக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள். "தண்ணி இப்ப உள்ள வர்ற நேரமாம் அத்தே. ஏத்தமாம். ஏத்தத்துல வுட்டா திரும்பி வந்துடுமாம். சாயங்காலம் எறக்கம். அப்ப வுட்டா நேரா கடலுக்குப் போயிடுமாம்." சொல்லிக்கொண்டே, "நான் எடுக்கறன் அத்தே, நீங்க வழுக்கி வுழுந்துடுவீங்க" என்று அவசரமாக இறங்கினாள். ஆனால் உங்கம்மா கை முந்திக்கொண்டது. கயிறுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறினாள். ஒன்றில் கை நின்றது. அதையே பார்த்தாள். அப்புறம் ரம்யாவைப் பார்த்தாள். நான் வெயிலில் கண் கூசிப்போய் நின்றுகொண்டிருந்தேன், எனக்கென்ன தெரியும்?

சாயங்காலம் தண்ணீர் வெளியே இழுத்தபோது விட்டாள். சரசரவென்று போய்விட்டது. திரும்பி வரும் படகில் ரம்யா உங்கம்மா கையைப் பிடித்தவள் எர்ணாகுளம் வரைக்கும் விடவில்லை. நீ எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து அனுப்பினாயே, அதை எடுத்துப் பார். உங்கம்மாவின் முந்தானை முனையில் ஒரு முடிச்சு இருக்கும்.

அந்த முடிச்சை வீட்டுக்கு வந்துதான் அவிழ்த்தாள். "இத பாருயா. கத்திரி பட்டிருக்குது" என்றாள். நம் வீட்டில் பழைய கயிற்றை முடிச்சு அவிழ்த்துத்தான் எடுப்பார்கள். எவ்வளவு இறுகியிருந்தாலும் ஊக்கை விட்டு நோண்டி, அரை மணி நேரம் ஆனாலும் அவிழ்ப்பார்களே தவிர, அதில் கத்தரி வைக்கிற வழக்கம் கிடையாது. உனக்குத் தெரியாவிட்டாலும் ரம்யாவுக்குத் தெரியும். இதில் நீ போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது. வேறு இடத்தில் வெட்டியிருந்தது. மாற்றின கயிறு இல்லை கண்ணு அது. எடுத்துப்போட்ட கயிறு.

"அன்னிக்கே ஏன் கேக்கல?" என்றேன். "அவ சொல்லாத நான் எப்படி கேக்கறது? உன் புள்ள வேற டீயோட வந்துட்டான்" என்றாள். விடவும் மனசில்லாமல், கேட்கவும் வாய் வராமல், முடிந்து எடுத்து வந்துவிட்டாள். உனக்குச் சொல்லலாம் என்று நான் சொன்னதற்கு, "வேணாம்யா, அவங்களே சரி பண்ணிக்குவாங்க" என்றாள். அடுத்த மாதமே ரம்யா மாகறலுக்கு வந்துவிட்டாள்.

நீ போன் பண்ணின மறுநாள் நாங்கள் மாகறலுக்குப் போனோம். நீ சொன்ன வேலைக்காகப் போகவில்லை. அந்தக் கயிறு எங்களுடையது இல்லை, அதைக் கொடுக்கப் போனோம். டவுன் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போனேன். இறங்கும்போது கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. சம்பந்தி இரண்டு பேரும் வாசலுக்கு வந்து வாங்க என்று சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறோமா, சமாதானத்துக்கா என்று எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாவம், அவர்களும் என்னைப்போல ஓய்ந்துபோன ஆட்கள்தான்.

ரம்யா மறுபடி மருந்துக்கடை வேலைக்குப் போகிறாள். கல்யாணத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் பார்த்தாளே, அதே கடை. சாயங்காலம் வந்தாள். எங்களைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றாள்.

"மாமா, அவரு அனுப்பிச்சாரா?"

"அனுப்பிச்சான்மா. நாங்க அதுக்கு வரல" என்றேன்.

உங்கம்மா முடிச்சை அவிழ்த்து, கயிற்றை அவள் முன்னால் பாயில் வைத்தாள். "இது உன்னுது. உன்னக் கேக்காத நான் தண்ணில வுடவும் கூடாது, வெச்சுக்கவும் கூடாது. இன்னா செய்யணும்னு நீ சொல்லுமா" என்றாள்.

ரம்யா பாயில் உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வெட்டிட்டன் அத்தே. கோவத்துல இல்ல. பாக்குறாரான்னு பாத்தன். ஒரு வாரம் வெறுங்கழுத்தோட சோறு போட்டன், டிபன் கட்டிக் குடுத்தன், பக்கத்துலயே உக்காந்து டிவி பாத்தன். அவரு பாக்கல. நீங்க வந்த அன்னிக்கு காலைல, 'எங்க ஆளுங்க வர்றாங்க, மூஞ்ச கொஞ்சம் நல்லா வெச்சுக்கோ'ன்னாரு. என் மூஞ்ச பாக்காதயே சொன்னாரு அத்தே. ஷூ லேஸ் கட்டிக்கினே."

அவள் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ரம்யா அழவில்லை.

உனக்கு இது இப்போதுதான் தெரிகிறது என்று எனக்குத் தெரியும். நீ அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுக்கிறவன். "நான் இன்னா கொற வெச்சன்?" என்று என்னை நீ போனில் கேட்டாய். சாமான்களில் குறை வைக்கவில்லைதான். கண்ணாடி போட்டுக்கொண்டு நாள் பூரா இரும்பையும் இரும்பையும் ஒட்டுகிற வேலை உனக்கு. மயிரிழை இடைவெளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அன்றைக்குப் படகில் சொன்னாய். வீட்டுக்கு வந்தால் கண் அலுத்துப் போயிருக்கும், வாஸ்தவம். எனக்கு அலுப்பு தெரியாதா? ஆனால் அந்த அலுப்பிலும் போனைப் பார்க்க மட்டும் கண் இருக்கிறதே அப்பா.

நான் அவளிடம், "வந்துடுமா" என்று சொல்லவில்லை. உன்மேல் கோபத்தில் இல்லை. பெரியவர்கள் சொன்னால் கேட்பாள் என்றாயே, அது உண்மையாகிவிடுமோ என்று பயந்துதான் சொல்லவில்லை. நாங்கள் சொன்னால் அவள் வந்துவிடுவாள் கண்ணு. எங்கள் முகத்துக்காக வந்து, மறுபடி அந்த ரெண்டாம் மாடி ரூமில் உட்கார்ந்து டிபன் கட்டுவாள். நாங்கள் இன்னும் எத்தனை நாள்? அதற்கப்புறம் யார் முகத்துக்காக இருப்பாள்?

எழுந்து கிளம்பும்போது அவளே கேட்டாள்: "அவரு ஏன் மாமா வரல?"

நான் கட்டின சுவர் ஒன்றுகூட அந்தப் பெண்ணின் முன்னால் என்னைத் தாங்கவில்லை. லீவு கிடைத்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். எங்களுக்குக் கப்பலைக் காட்ட லீவு போட்டவன்தானே நீ. குனிந்து செருப்பைத் தேடினேன். அந்தக் கேள்வி இப்போது உன்னுடையது. அதை உன்னிடம் சேர்க்கத்தான் இவ்வளவு தாள் செலவு.

கயிற்றை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. மடித்து உங்கம்மா கையிலேயே வைத்தாள். "உங்க டப்பாலயே இருக்கட்டும் அத்தே. பாலாத்துல தண்ணி வரட்டும். அன்னிக்கு நானே வர்றன், வந்து வுடறதா வேணாமான்னு சொல்றன்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். பாலாற்றில் தண்ணீர் வருவது எந்தக் காலம் என்று எல்லோருக்கும் தெரியும். உனக்கு நிறைய நாள் கொடுத்திருக்கிறாள் என்று பஸ்ஸில் வரும்போது உங்கம்மா சந்தோஷப்பட்டாள். வெட்டின முனையைக் காட்டி, "இத கூட பிணைச்சுடலாம்யா" என்றாள். பட்டுத் தறிக்குப் பாவு நூல் பிணைக்கிறவள் இல்லையா, அவளுக்கு எந்த நூல் அறுந்தாலும் அப்படித்தான் தோன்றும். நூலைக் கேட்காமல் பிணைக்கலாம், அந்தப் பெண்ணைக் கேட்காமல் முடியுமா என்றேன்.

நாங்கள் போய்வந்தது ஐப்பசி பிறப்பதற்கு முதல் நாள். இப்போது இங்கே மழை நின்றபாடில்லை. மேற்கே இன்னும் ஜாஸ்தியாம். வாலாஜா பக்கம் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். மணலில் மாடு கட்டியிருந்தவர்கள் அவிழ்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். காலையில் நான் முட்டியை இழுத்துக்கொண்டு பாலம்வரைக்கும் போய்ப் பார்த்தேன். கீழே இன்னும் மணல்தான். ஆனால் ஜனம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேற்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. உங்கம்மா டப்பாவை எடுத்துத் துடைத்து சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். ரம்யாவுக்குப் போன் பண்ணிச் சொல்லவா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறாள். நான் இதை எழுதி முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எழுதி முடித்துவிட்டேன். நீ கிளம்பு. நேராக நம் வீட்டுக்கு வராதே, மாகறலுக்குப் போ. கையில் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகவேண்டாம். அவள் கதவைத் திறந்ததும் முதலில் அவள் முகத்தைப் பார்.

அப்பா